ஓடிக்கொலோன் மணத்தின் வேகம்

யானைக் காவலுக்குப் போன என் வயதுக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நெல் முற்றுகிற மாதத்தில் காவல் கொட்டிலுக்குப் போகிறவர்கள் அடுப்புச் சாம்பலை ஒரு சீலைத் துண்டில் முடிந்துகொண்டு போவார்கள். வரம்பில் நின்று அதை ஒரு தட்டுத் தட்டுவார்கள். சாம்பல் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் எங்கள் மணமும் போகிறது. காடு அந்தப் பக்கம் என்றால் யானைக்கு எங்களைத் தெரிந்துவிடும். அது திரும்பிப் போகும். மறுபக்கம் என்றால் கிட்ட வரும்வரை அதுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

அப்பா அதில் கெட்டிக்காரர். ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, குளத்துக்குக் கீழே எங்கள் வயல். யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத்துக்கு வந்தவர் அவர். வந்தபோது யானையைக் கோயில் சுவரில்தான் கண்டிருந்தாராம். நான் விபரம் தெரிந்து பார்க்கும்போது ஊரவர்கள் அவரைக் கேட்டுத்தான் காவலுக்கு இடம் பிடித்தார்கள்.

ஒருநாள் பின்னேரம் நானும் அக்காவும் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனோம். காட்டோரத்தில் ஒற்றை யானை நின்றது. அப்பா சாம்பலைத் தட்டினார். சாம்பல் மெல்ல மெல்லக் காட்டுப் பக்கம் போனது.

"அசையாதேங்கோ," என்றார். "இப்ப எங்கடை மணம் வெளிக்கிட்டிட்டுது. வாய்க்காலைத் தாண்டுது. பொறுங்கோ. பாலை மரத்தடி. இந்தா."

இந்தா என்று வாய் மூடவில்லை, யானை தும்பிக்கையைத் தூக்கியது. பிறகு திரும்பி உள்ளே போனது.

"எப்பிடியப்பா தெரியும்?" என்று அக்கா கேட்டார்.

"அது நடந்துதானே போகுது. பார்க்கத் தெரியவேணும்."

மணம் நடந்து போகும் என்று அன்றைக்கு நானும் நம்பினேன். இப்போதும் முழுக்கப் பிழை என்று சொல்லமாட்டேன்.

அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். மெலிந்த ஆள். பிழை கண்டால் சும்மா இருக்கமாட்டார். கடைக்காரரின் கணக்கைக் கடையில் வைத்தே திருத்துவார். கோயில் ஐயர் திதியை மாறிச் சொன்னால் அதையும் திருத்துவார். அம்மாவுக்கு வெட்கமாக இருக்கும். "உந்த வாய்க்கு மாப்பிள்ளை வந்த மாதிரித்தான்," என்பார்.

எங்கள் வீட்டில் அளவுகள் கலந்து கிடந்தன. அம்மா அரிசியைக் கொத்தால் அளந்தார். கடையில் கிலோ வந்துவிட்டது. அப்பா யாழ்ப்பாணத்துப் பரப்புக் கணக்கில் நினைத்து ஏக்கரில் விதைத்தவர். விதைநெல் எவ்வளவு, உரம் எவ்வளவு என்று ஒவ்வொரு போகமும் வீட்டில் சண்டை வரும். அக்காவிடம்தான் கேட்பார்கள்.

"எதிலை கேக்கிறியள்?" என்பார் அக்கா. "முதல் அதைச் சொல்லுங்கோ. பிறகு எத்தினை எண்டு நான் சொல்லுறன்."

அப்பாவுக்கு அது பிடிக்கும். வெளியில் சொல்லமாட்டார்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்கு மேல் விஞ்ஞானம் இல்லை. மேலே படிப்பதானால் வவுனியாவுக்குப் போகவேண்டும். அங்கே அம்மாவின் தமையன் இருந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவர். அக்கா சோதினை எழுதி முடித்த கையோடு மாமா ஒரு பெரிய பௌதிகப் புத்தகத்தைக் கொடுத்தனுப்பினார். மேல்வகுப்புப் புத்தகம். சோதினை மறுமொழி வரும்வரை சும்மா இருக்காமல் படிக்கட்டும், மாசியில் வந்து பார்த்துவிட்டுக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லியனுப்பினார்.

அந்த மார்கழியும் தையும் அக்கா நெல் மூட்டைகளுக்கு மேல் ஏறி இருந்து படித்தார். கால் தொங்கும். கீழே நான் கோழிக்கு அரிசிக்குருணை போட்டுக்கொண்டிருப்பேன். மழை ஈரத்தில் புத்தகத்தின் தாள் அலை அலையாக வளைந்திருந்தது. பிரித்தால் ஒருவித பசை மணம் வரும். சில நேரம் தனியச் சிரிப்பார். "என்னக்கா?" என்றால், "ஒண்டுமில்லை. சரியா வந்திட்டுது," என்பார். சரியாக வந்தால் சிரிக்கிற ஆள் அவர். அப்படி வேறு யாரையும் நான் கண்டதில்லை.

அம்மா இரண்டு பாவாடை தைத்தார். தகரப் பெட்டி ஒன்றைக் கழுவி வெயிலில் வைத்தார். அக்கா போகப்போகிறார் என்று எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் தெரியும்.

மாசியில் மாமா வந்தார். வெள்ளைச் சேட்டு, கையில் குடை. அப்பா சேவல் அடித்தார். சாப்பிட்டு முடிய மாமா கதிரையில் சாய்ந்து, "கொண்டா பார்ப்பம்," என்றார். அக்கா கொப்பியோடு நிலத்தில் இருந்தார். மாமா ஒவ்வொரு கேள்வியாகச் சொன்னார். அக்கா ஒவ்வொன்றாகச் செய்தார். மாமா தலையாட்டத் தலையாட்ட அம்மாவின் முகம் மலர்ந்தது. எனக்கு நித்திரை வந்தது.

கடைசியாக ஒரு கேள்வி. இருபத்தேழு பாகை வெப்பநிலையில் ஒட்சிசன் மூலக்கூறுகளின் இடை வர்க்க மூல வேகம் என்ன?

எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை. இப்போது பேத்தி சொல்லித்தான் தெரியும். காற்று என்பது கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னத் துணிக்கைகளாம். அறையில் இலை அசையாவிட்டாலும் அவை ஓடிக்கொண்டே இருக்குமாம். எவ்வளவு வேகமாக ஓடுகின்றன என்பதுதான் கேள்வி.

மாமாவும் பேப்பர் ஓரத்தில் தானாகச் செய்து பார்த்தார். இருவரும் முடித்தார்கள்.

"சொல்லு."

"ஒரு செக்கனுக்கு நானூற்றெண்பத்திமூண்டு மீற்றர்."

மாமா சிரித்தார். அன்பாகத்தான் சிரித்தார். "தசம் எங்கையோ வழுக்கிப் போச்சு. திரும்பப் பார்."

அக்கா பார்த்தார். "அப்பிடித்தான் வருது மாமா."

"எனக்குப் பதினைஞ்சு வருது. பதினைஞ்சு மீற்றர் எண்டால் பஸ் ஓடுற வேகம். புத்திக்கு ஏற்குது. உன்ரை விடை ஏற்குதோ?"

"ஒட்சிசன்ரை நிறை, அந்த முப்பத்திரண்டை, நீங்கள் எதிலை போட்டனீங்கள்? கிராமிலையோ, கிலோகிராமிலையோ?"

கதவடியில் நின்ற அம்மா பல்லைக் கடித்தார். மாமனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது?

"கிராமிலை. நான் படிச்ச நாள்முதல் கிராமிலைதான் போடுறன்."

"கிராமிலை போட்டால் விடை மீற்றரிலை வராது மாமா."

மாமாவின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. அப்போதுதான் அப்பா வாயைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார்.

"என்ன மச்சான் வழக்கு?"

மாமா சொன்னார். காற்றில் இருக்கிற துணிக்கை எவ்வளவு வேகமாகப் போகும் என்று கேட்டேன், இவள் இப்படிச் சொல்கிறாள் என்றார். அப்பாவுக்கு மீற்றர் பிடிபடவில்லை.

"அது எவ்வளவு தூரம்?"

"உங்கடை படலையிலை இருந்து குளக்கட்டு மட்டுக்கும் எண்டு வையுங்கோவன். ஒரு செக்கனிலை."

அப்பா தொடையில் அடித்துச் சிரித்தார். "எடி பிள்ளை, மணமும் காத்திலைதானே போகுது? யானைக்கு வெடி போட்டால் வெளிச்சம் முதல், சத்தம் பிறகு. உன்ரை கணக்கின்படி மணம் சத்தத்தையும் முந்துமோ?"

அக்கா யோசித்தார். "கணக்கின்படி முந்தும்."

"அப்ப யானை என்னைக் கேக்க முதல் மணந்துபோடும். நான் இத்தனை வருசம் சாம்பல் தட்டினது விசர்வேலை."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அக்காவும் கொஞ்சம் சிரித்ததாகத்தான் ஞாபகம்.

"கணக்கு அப்பிடித்தான் வருது அப்பா."

"கணக்கு வரும். மணம் வரோணுமே?"

பரிசோதனை அப்பாவின் யோசனைதான். வீட்டில் நல்ல மூக்கு எனக்கு. பால் திரிந்தால் முதல் சொல்வது நான். கருவாடு எந்த வீட்டில் பொரிகிறது என்பதும் சொல்வேன். என்னைச் சுவரோடு இருத்தினார்கள். அம்மாவின் பழைய சீலைக் கிழிசலால் கண்ணைக் கட்டினார்கள். கதவு, யன்னல் எல்லாம் சாத்தினார்கள். அலுமாரியில் அம்மா ஓடிக்கொலோன் என்கிற வாசனைத் தண்ணிப் போத்தல் ஒன்று வைத்திருந்தார். எங்களுக்குக் காய்ச்சல் வந்தால் சீலையில் நனைத்து நெற்றியில் போடுவார். தட்டையான போத்தல், பச்சை மூடி. அதை எடுத்துக்கொண்டு அப்பா அறையின் மற்றத் தலைப்புக்குப் போனார்.

"மணத்தவுடனை கை தூக்கு. மணக்காமல் தூக்காதை. ஆரின்ரை முகத்துக்காகவும் தூக்காதை," என்றார்.

"ஓம்."

"திறந்திட்டன்."

இருட்டு. சாத்திய வீட்டின் வெக்கை. என் விரலில் சேவல்கறி மணம் இருந்தது, அதைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் பின்னால் கோடியில் மாட்டு மணி கேட்டது. மாமா பாக்கு வெட்டும் சத்தம் கேட்டது. ஒன்றும் மணக்கவில்லை. என்னைக் கேட்டு ஒரு காரியம் முடிவாகப் போகிறது என்பது எனக்குத் தெரிந்தது. அதுவரை அந்த வீட்டில் என்னை யாரும் ஒன்றும் கேட்டதில்லை. கவனமாக இருந்தேன்.

பிறகு வந்தது. முதலில் குளிர் மாதிரி. பிறகு தோடம்பழத் தோலைக் கிள்ளினது மாதிரி. கை தூக்கினேன்.

கண்ணை அவிழ்த்தபோது மாமா வெற்றிலையை மடித்து வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தார். அவ்வளவு நேரம் ஆகியிருந்தது. அப்பா போத்தலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பந்தயத்தில் ஆடு வென்றவர் மாதிரி நின்றார். அக்கா என் கையைப் பார்த்தார். முகத்தை இல்லை, கையைப் பார்த்தார். அது இன்னும் மேலேதான் இருந்தது.

"பார்த்தியோ?" என்றார் மாமா. "உன்ரை வேகத்திலை வந்திருந்தால் கொப்பர் மூடி திறக்க முதல் வந்திருக்கும். இப்ப சொல்லு."

"பிழை எண்டு சொல்லிப்போட்டு வெளிக்கிடு பிள்ளை," என்றார் அப்பா. "பெட்டி அடுக்கிக் கிடக்கு. மாமாவுக்கு பஸ்சுக்கு நேரமாகுது."

அதுவரையும் அக்கா போகலாம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சொல் சொன்னால் போகலாம்.

"கணக்கிலை பிழை இல்லை," என்றார் அக்கா.

"அப்ப தங்கச்சியின்ரை மூக்கிலையோ பிழை?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அவளிலையும் பிழை இல்லை."

"ரெண்டும் சரியா இருக்கேலாது."

"ஓம் மாமா. அதுதான் எனக்கும் விளங்கேல்லை."

மாமா எழும்பி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். அம்மாவைப் பார்த்துத்தான் பேசினார். "பிழை விடுறது வேறை, தங்கச்சி. விட்ட பிழையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது வேறை. நிரூபிச்சுக் காட்டியும் நிக்கிறாள். இப்பிடிப் பிள்ளையை நான் கூட்டிக்கொண்டு போனால் அங்கை ஆரின்ரை சொல் கேப்பாள்? அடுத்த வருசம் பார்ப்பம். கொஞ்சம் பதப்படட்டும்."

அப்பா, "அதுவும் சரிதான்," என்றார்.

மாமாவின் குடையை நான்தான் றோட்டுவரை கொண்டுபோனேன். பஸ் வரும்போது அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு ரொபி எடுத்துத் தந்தார். "நல்ல மூக்கு," என்று தலையில் தட்டினார். வரும் வழியில் சாப்பிட்டேன். நல்ல ருசி. அதன் தாளைச் சட்டைக்குள் வைத்திருந்தேன், அக்கா கண்டுவிடுவார் என்று பிறகு வாய்க்காலில் போட்டேன்.

நீங்கள் கேட்கலாம், இதில் உன்னில் என்ன பிழை என்று. ஒன்றுமில்லை. மணம் வந்தது, கை தூக்கினேன். பொய் சொல்லியிருந்தால் எப்போதோ மன்னிப்புக் கேட்டிருப்பேன். சொன்னது உண்மை. அதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது?

அத்தோடு முடியவும் இல்லை.

நெல் அரிவி வெட்டு வந்தது. அப்பாவும் அம்மாவும் விடியப் போனால் வெயில் சாயத்தான் வருவார்கள். அக்கா என்னைக் கூப்பிடுவார். "ஒருக்கா இருந்து பார்." அதே சுவர். அதே சீலைக் கிழிசல். அக்கா போத்தலைக் கிட்ட வைத்துப் பார்த்தார். எட்ட வைத்துப் பார்த்தார். கதவு இடுக்குக்குச் சாக்கு அடைத்துப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் கேட்பார், "இந்தமுறை கெதியா வந்ததோ?"

"இல்லை அக்கா."

ஒருமுறை எனக்குத் தாங்கவில்லை. அவர் மூடியைத் திருகுகிற சத்தம் கேட்டவுடன் கை தூக்கினேன். மணம் வரவே இல்லை.

அக்கா வந்து என் கண்ணை அவிழ்த்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. "பொய் சொல்லாதை," என்றார் மெல்ல. "எனக்கு நீ பொய் சொல்லவேண்டாம்."

திரும்பக் கட்டினார். திரும்பவும் மணம் மெல்ல நடந்துதான் வந்தது. நான் உண்மையாகக் கை தூக்கினேன்.

போத்தல் முடிந்தபோது அக்காவும் முடித்துவிட்டார். புத்தகத்தை மூடி மூட்டைகளுக்குப் பின்னால் வைத்தார். "அப்பா சொன்னதுதான் சரி போலை," என்றார். எனக்குச் சொன்னாரோ தனக்குச் சொன்னாரோ தெரியாது. பிறகு எனக்குக் காய்ச்சல் வந்தது. அம்மா போத்தலை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார். ஒரு சொட்டும் இல்லை. யார் என்று கேட்டார். அக்கா, "நான்தான்," என்றார். அம்மா அடித்தார். நான் பாயில் படுத்திருந்து பார்த்தேன். அந்த வெறும் போத்தலை அக்கா மண்ணெண்ணெய் ஊற்ற வைத்திருந்தார். பல வருசம் அது குசினியில் இருந்தது. யுத்தத்தில் இடம்பெயர்ந்தபோது எங்கேயோ விட்டுவிட்டோம்.

சோதினை மறுமொழி வந்தது. நல்ல மறுமொழி. அடுத்த வருசம் மாமா, இந்த வருசம் வசதிப்படாது என்று சொல்லியனுப்பினார். அதற்கடுத்த வருசம் வீதியில் போய்வருவதே பயமான காலமாகிவிட்டது. அக்கா வயலுக்கு இறங்கினார். கலியாணம் செய்தார். எங்கள் வயல் அவருக்குச் சீதனமாகப் போனது. நான் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன், அது என் விருப்பம். எனக்குப் புத்தகம் ஓடாது. என்னை மல்லாவியில் கட்டிக்கொடுத்தார்கள்.

ஆனால் அக்கா மாறிவிட்டார். நான் சொல்ல வந்தது இதைத்தான். ஊரைத் திருத்தின ஆள், எதற்கும் மற்றவரைக் கேட்கத் தொடங்கினார். கறிக்கு உப்புப் போட்டால், "சரியோ பார்." கடையில் மிச்சக் காசு வாங்கினால் என்னிடம் நீட்டி, "சரியோ பார்." எனக்குக் கூட்டவே வராது. தேத்தண்ணி தந்தால், "சீனி சரியோ பார்." சொல்லும்வரை முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். "சரி அக்கா," என்ற பிறகுதான் தன் கோப்பையை எடுப்பார். கலியாணம் செய்த அத்தான், நல்ல மனுசன், "உனக்கு நாக்கு இல்லையோடி?" என்று பகிடி பண்ணுவார். அவரும் இறந்துபோனார். பிள்ளை இல்லை.

மாமாவைக் கடைசியாகக் கண்டது ஒரு செத்தவீட்டில். நன்றாக வயது போய்விட்டது. காது கேளாது. என்னைப் பக்கத்தில் இருத்தி, "கொக்காவை நான் அண்டைக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம்," என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்கவில்லை. பிழையைக் கண்டுபிடித்தாரோ, வயசு வந்து மனம் இளகினதோ. கேட்டிருக்கலாம். செத்தவீட்டில் பறை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

இனி இந்த வருசம்.

என் மகளின் மகள் மல்லாவியில் என்னோடு இருந்து படிக்கிறாள். மேல்வகுப்பு, விஞ்ஞானம். ஒரு பின்னேரம் குசினி வாசலில் இருந்து கணக்குச் செய்தாள். நான் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். அவள் படிக்கும்போது வாய்க்குள் சொல்லிச் சொல்லித்தான் படிப்பாள். ஒட்சிசன் என்றாள். மூலக்கூறு என்றாள். இருபத்தேழு பாகை என்றாள். கத்தியை வைத்தேன்.

"பதினைஞ்சு," என்றாள்.

"ஓம், பதினைஞ்சுதான்," என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை நீங்கள் கண்டிருக்கவேண்டும். "அம்மம்மா, உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியும். பஸ் ஓடுற வேகம்."

"அதுதான் இல்லை. பொறுங்கோ, நான் பிழை விட்டிட்டன்." அழித்தாள், திரும்ப எழுதினாள், போனில் தட்டினாள். "கிராமை கிலோவாக்க மறந்துபோனன். நானூற்றெண்பத்திமூண்டு. ஓம், இதுதான் விடை."

திரும்பச் சொல்லச் சொன்னேன். சொன்னாள். கிராமில் போட்டால் பதினைந்து வருமா என்று கேட்டேன். வரும் என்றாள். "எங்கடை வகுப்பிலை பாதிப் பேருக்கு முதல் அதுதான் வந்தது. சேர் சிரிச்சுப்போட்டு, அலகைப் பாருங்கோ எண்டார்."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான். அதுக்கு வேறை என்ன செய்யுறது?"

பாதி வகுப்பு. சேர் சிரித்தார். அவ்வளவுதான்.

"மணம்?" என்று கேட்டேன். "அவ்வளவு வேகமா ஓடுறது எண்டால், ஓடிக்கொலோன் போத்தலைத் திறந்தால் மணம் ஏன் மெதுவா வருது?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "பொங்கலுக்குக் கோயிலுக்குப் போனால், சனத்துக்குள்ளாலை நான் உங்களிட்டை ஓடித்தான் வாறன். ஆனா வந்து சேர எவ்வளவு நேரம்? முட்டி, திரும்பி, சுத்தி. அது மாதிரித்தான். ஒவ்வொண்டும் சரியான வேகமா ஓடுது, ஒரு நூலளவு போக முதல் இன்னொண்டோடை முட்டுது. ஓட்டம் கெதி. வந்துசேருறது மெதுவு."

"அப்ப ரெண்டும் சரியோ?"

"எந்த ரெண்டும்?"

நான் சொன்னேன். அன்றைக்குத்தான் முதல்முதலாக ஒருவருக்கு இதைச் சொன்னேன். அவள் போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். "பெரியம்மம்மாவுக்குச் சொல்லவேணும்," என்றாள். எனக்குப் பயமாக இருந்தது. சொல்லி என்ன? இத்தனை வருசம் பிழை என்று நினைத்துக்கொண்டு ஒருமாதிரி வாழ்ந்துவிட்டார். சரி என்று தெரிந்தால் எப்படி வாழ்வார்? முதல் ஏற்றியிருந்த கிழங்கு அடுப்பில் அடிப்பிடித்தது. மூக்கு மட்டும் இன்னும் வேலை செய்கிறது.

சனிக்கிழமை பஸ் எடுத்தோம். ஒட்டுசுட்டானில் இறங்கி உள்ளே போனோம். இப்போது காட்டோரத்தில் மின்சார வேலி. ஆனாலும் அக்காவின் வாசற்கதவில் சாம்பல் முடிச்சுத் தொங்குகிறது. வேலியை யானை நம்பினாலும் அக்கா நம்பமாட்டார்.

முற்றத்தில் நெல் காயப் போட்டிருந்தார். எங்களைக் கண்டு சிரித்தார். பேத்தியின் கன்னத்தைத் தடவினார். நான் குனிந்து நெல்லைக் கையால் கிளறினேன். பேத்திதான் கொப்பியை எடுத்தாள். பொய்யாகச் சொன்னாள், அது நான் சொல்லிக்கொடுக்காத பொய்.

"பெரியம்மம்மா, இந்தக் கணக்கு எனக்கு விளங்குதில்லை. பார்க்கிறீங்களோ?"

"எனக்கெங்கை உது. அது அந்தக் காலம்."

என்றாலும் கையைச் சீலையில் துடைத்தார். கண்ணாடியை எடுத்துப் போட்டார். கேள்வியை வாய்விட்டு வாசித்தார். பேனையை வாங்கினார். நெல்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து எழுதினார். முதலில் மெல்ல. பிறகு கை தானாக ஓடியது. ஓரிடத்தில் பேத்தி என் முழங்கையைக் கிள்ளினாள். பிறகு சொன்னாள், முப்பத்திரண்டு என்று எழுதவில்லையாம், புள்ளி பூச்சியம் மூன்று இரண்டு என்று எழுதினாராம். கிலோகிராமில்.

கடைசி வரியைப் பெருக்கிப் பார்க்கவும் இல்லை. 483 என்று எழுதினார். இத்தனை வருசமாக அந்த இலக்கம் அவருக்குள் இருந்திருக்கிறது.

பிறகு அதன் மேல் ஒரு கோடு கிழித்தார். பக்கத்தில் 15 என்று எழுதினார்.

"விடை இதுதான் பிள்ளை. மற்றது நான் வழக்கமா விடுற பிழை."

"ஏன் வெட்டினனீங்கள்?" என்றாள் பேத்தி.

"மணம் அப்பிடி வராது. கொம்மம்மாவைக் கேள். அவளுக்குத் தெரியும். அவள்தான் பார்த்தவள்."

என்னைப் பார்த்துச் சிரித்தார். குற்றம் சொல்லவில்லை. சாட்சிக்குக் கூப்பிட்டார்.

"பதினைஞ்சை வெட்டுங்கோ அக்கா," என்றேன்.

"என்ன?"

"பதினைஞ்சை வெட்டுங்கோ. அது மாமாவின்ரை பிழை. உங்கடைதான் சரி. அண்டைக்கும் சரி."

பேத்தி எல்லாவற்றையும் சொன்னாள். கோயில் சனத்தைச் சொன்னாள். முட்டி முட்டி வருவதைச் சொன்னாள். அக்கா குந்தியிருந்தபடியே கேட்டார். ஒரு கோழி நெல்லுக்குள் வந்து கொத்தியது. அவர் துரத்தவில்லை. நானும் துரத்தவில்லை.

"முட்டி முட்டியோ," என்றார் கடைசியில். "அது என்ரை புத்திக்கு ஓடேல்லை."

பேனையைக் கொப்பியின் மேல் வைத்தார்.

"அப்பாவும் இல்லை. மாமாவும் இல்லை," என்றார். "இனி ஆருக்குப் போய்ச் சொல்லுறது?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். "நீ ஏன் அழுறாய்? உன்னிலை பிழை இல்லை எண்டு நான் அண்டைக்கே சொன்னனான்."

சொன்னார். மறக்கவில்லை. அந்த வீட்டில் அன்றைக்கு என்னையும் சேர்த்துக் காப்பாற்றினவர் அவர் ஒருவர்தான். நான் அவருக்காக ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு ஒன்றும் தெரியாமல் இருந்தது.

பேனையை எடுத்துப் பதினைந்தின் மேல் கோடு கிழித்தார். ஒரு கோடு போதும், இரண்டு கிழித்தார். முழங்காலைப் பிடித்து எழும்பிக் குசினிக்குள் போனார். தண்ணி கொதிக்கும் சத்தம் கேட்டது. வேறு சத்தமும் கேட்டது. பேத்தி எழும்பப் போனாள், நான் பிடித்து இருத்தினேன்.

தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். எனக்கு ஒன்று, பேத்திக்கு ஒன்று. தன் கோப்பையோடு வாசற்படியில் இருந்து, காட்டுப் பக்கம் பார்த்துக் குடித்தார். சரியோ பார் என்று கேட்கவில்லை.

ஒரு வாய் குடித்தேன். சீனி போட மறந்திருந்தார். பேத்தி என்னைப் பார்த்தாள். நான் கண்ணால் வேண்டாம் என்றேன். இருவரும் முழுக்கக் குடித்து முடித்தோம்.